இறகுப் பாம்பு தட்டையாகத் தெரிவது ஏன்?

கேள்வி: மெக்சிகோவின் பழைய அஸ்டெக் மக்களின் தெய்வமான கெட்சால்கோவாட்லை, அந்த இறகுப் பாம்பை, பென்சிலில் வரைந்தேன். இறகுகள் மீன் செதில் மாதிரி வந்துவிட்டன. ஷேடிங் போட்டதும் உடல் தட்டையாகிவிட்டது. எப்படிச் சரிசெய்வது?

பதில்: உடலுக்கு முன்பே இறகுகளை வரைந்தால் இப்படித்தான் ஆகும். முதலில் வெளிர்கோடு தரும் கடினமான 2எச் பென்சிலால் சுருண்ட உடலை வெறும் குழாயாக வரையுங்கள். வெளிச்சம் இடது மேலிருந்து வருவதாக வைத்தால், அடர்ந்த நிழல் வலது ஓரத்தில் விழாது, அதற்குச் சற்று உள்ளே தள்ளி விழும். ஓரத்தில் மெல்லிய வெளிச்சம் விடுங்கள். உருட்சியே அதில்தான் இருக்கிறது.

பிறகு இறகுகள். தலையிலிருந்து வாலை நோக்கிப் போங்கள். முன்வரிசை முழுதாகத் தெரியும், அடுத்த வரிசை அதன் அடியில் நுழையும். இந்தத் தெய்வத்தின் பெயரிலேயே கெட்சால் பறவை இருக்கிறது; ஆண் கெட்சாலின் வால்தோகை அதன் உடலைவிட நீளம். எனவே அகலத்தைப் போல ஐந்தாறு மடங்கு நீளம் கொடுங்கள். நடுத்தண்டிலிருந்து நுனிப்பக்கம் சாய்த்துக் கோடு இழுங்கள். அரைவட்டமாகப் போட்டால் செதில்தான்.

கருமையாக எழுதும் மென்மையான 4பி பென்சிலை ஒவ்வொரு இறகு நுனிக்கும் அடியில் விழும் நிழலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எல்லா இறகிலும் ஒரே அழுத்தம் கொடுத்தால், உடலுக்குப் போட்ட நிழல் காணாமல் போகும். விரலால் தேய்க்கவே வேண்டாம்; எண்ணெய்ப் பசை திட்டாகப் படியும்.

சிறகு வைத்துவிடாதீர்கள், அது ஐரோப்பிய டிராகன். வண்ணம் தீட்டினால் இளம்பச்சையை அடிப்பூச்சாகப் பூசுங்கள்; நிழலுக்குக் கருப்பு வேண்டாம், கருநீலம் போதும்.