பழைய புல்லட்டா, புது புல்லட்டா: கேட்டவர்களுக்குப் பதில்

என் வீட்டு வாசலில் மூன்று நிற்கின்றன. 1984 காஸ்ட் அயர்ன் (இரும்பு என்ஜின்) ஸ்டாண்டர்டு, 2012 யு.சி.இ. கிளாசிக், மகன் ஓட்டும் 2022 கிளாசிக். மூன்றுமே ராயல் என்ஃபீல்டு, மூன்றுமே 350 சி.சி. அதற்குள் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். விலை மட்டும் கேட்காதீர்கள். வண்டியைப் பார்க்காமல் விலை சொல்பவன் புரோக்கர்.

வேளச்சேரி: அண்ணா, அப்பா வைத்திருந்த மாதிரி பழைய காஸ்ட் அயர்ன் எடுக்கலாமா, 2014 வாக்கில் வந்த செகண்ட் ஹேண்ட் கிளாசிக்கா, இல்லை ஷோரூமிலிருந்து புதுசா? தினமும் சோழிங்கநல்லூர் ஆபீஸ் போகணும்.

தம்பி, "தினமும் சோழிங்கநல்லூர்" என்றதுமே பாதி பதில் வந்துவிட்டது. இருந்தாலும் முழுசாகச் சொல்கிறேன், இதே கேள்வி இன்னும் பத்துப் பேரிடமிருந்து வரும்.

காஸ்ட் அயர்ன் என்பது 1955-ல் மெட்ராஸில் தொடங்கிய குடும்பம். 2010 வாக்கில்தான் நின்றது. என்ஜின் தனி, கியர் பாக்ஸ் தனி, நடுவில் பிரைமரி செயின். மூன்று இடத்துக்கும் தனித்தனியாக எண்ணெய் பார்க்க வேண்டும். வால்வைத் தள்ளும் டாப்பட்டை அட்ஜஸ்ட் செய்ய வேண்டும், பிளக்குக்குத் தீப்பொறி தரும் பாயிண்ட் இடைவெளி பார்க்க வேண்டும், செயினை இழுக்க வேண்டும். இதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சந்தோஷம். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு மீட்டிங் இருப்பவனுக்கு அது சந்தோஷம் இல்லை. போதாததற்கு ஓ.எம்.ஆர். சிக்னலில் மே மாதம் நின்று நின்று போனால் இரும்பு பேரல் (சிலிண்டர்) சூட்டை விடாது, உன் தொடை அதற்குச் சாட்சி.

யு.சி.இ. என்றால் என்ஜினும் கியர் பாக்ஸும் ஒரே கூட்டுக்குள். கிளாசிக் வந்தது 2009. பேரல் அலுமினியம், 350-க்கு இரண்டு பிளக், ஐந்து கியர். டாப்பட் ஹைட்ராலிக், தொடவே வேண்டாம். கிக்கும் உண்டு, செல்ஃபும் உண்டு. மூன்றில் நடுப்பிள்ளை, யாரும் பெரிதாகக் கொண்டாடுவதில்லை. என்னைக் கேட்டால் கையில் ஸ்பானர் பிடிக்க ஆசையும், ஆபீஸ் போக வேண்டிய கட்டாயமும் சேர்ந்து இருப்பவனுக்கு இதுதான் சரி.

மூன்றாவது ஜே சீரிஸ் என்ஜின். 2020 நவம்பரில் மீட்டியார் என்ற மாடலில் வந்தது, 2021-ல் கிளாசிக்குக்கு, 2023-ல் புல்லட்டுக்கு. வால்வைத் திறக்கும் கேம் என்ஜின் தலைக்கு மேலே போய்விட்டது, அதிர்வை அடக்க பேலன்சர் ஷாஃப்ட் உள்ளே வந்துவிட்டது. 90-ல் போனாலும் கண்ணாடியில் பின்னால் வருகிற லாரி லாரியாகவே தெரியும். என் 84-ல் 70-க்கு மேல் அது ஒரு மஞ்சள் மங்கல், அவ்வளவுதான். ஆனால் ஜே-யில் கிக் கிடையாது. பேட்டரி செத்தால் தள்ளு.

உனக்கு: தினசரிக்கு ஜே, அல்லது கை மாறாத யு.சி.இ. காஸ்ட் அயர்ன் வேண்டுமென்றால் அதை இரண்டாவது வண்டியாக வை. எதுவானாலும், வண்டியைத் தேடுவதற்கு முன் மெக்கானிக்கைத் தேடு. பழைய என்ஜினைப் பிரித்துக் கட்டத் தெரிந்த கை உன் வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கிறதா? இல்லையென்றால் இரும்பை மறந்துவிடு.

ஆவடி: சார், மைலேஜ் எவ்வளவு கொடுக்கும்?

ஓட்டுகிற கையைப் பொறுத்தது.

முகப்பேர்: காஸ்ட் அயர்ன் பார்த்து வைத்திருக்கிறேன். டிப் ஸ்டிக்கில் ஆயில் அடியில்தான் ஒட்டுகிறது. ஓனர் "ரெண்டு நாள் முன்னாடிதான் ஊத்தினேன், குடிக்காது" என்கிறார். பொய்யா?

நல்ல கேள்வி. அவர் பொய் சொல்லாமலும் இருக்கலாம். இந்த என்ஜினில் ஆயில் இருப்பது கிராங்க் கேஸோடு சேர்ந்த ஒரு தனி அறையில். வண்டி நாள்கணக்கில் நின்றால் அது பம்ப் வழியாகக் கசிந்து கிராங்க் இருக்கும் பக்கம் இறங்கிவிடும். டிப் ஸ்டிக் வறண்டு தெரியும். விஷயம் தெரியாதவன் அரை லிட்டர் ஊற்றுவான். ஸ்டார்ட் செய்தால் பம்ப் பழைய ஆயிலையும் திருப்பி அனுப்பும், இப்போது அளவு மீறி பிரீதர் (என்ஜின் மூச்சுக் குழாய்) வழியாகத் துப்பும், சைலன்சரில் வெள்ளையாய்ப் புகை வரும். உடனே "ரிங் போச்சு, ரீபோர் பண்ணணும்" என்று ஒருவர் பில் போடுவார். எனக்கே அப்படி ஒரு இடத்தில் பில் போட்டிருக்கிறார்கள், 1990-களில். அதற்கப்புறம்தான் நானே கற்றுக்கொண்டேன்.

செய்ய வேண்டியது: ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, பிறகு அளவு பார். அப்போதும் அடியில்தான் என்றால் ஓனரிடம் பேசு.

தாம்பரம்: நான் பெண், உயரம் 155 செ.மீ. பழைய புல்லட் கிக்கரை உதைக்க முடியாது என்று எல்லாரும் சிரிக்கிறார்கள்.

சிரிப்பவர்களில் பாதிப் பேருக்கு ஆம்பியர் மீட்டர் எதற்கென்று தெரியாதும்மா. பெட்ரோல் டேப் திற, சாவி போடு. கிக்கரை மெதுவாக அமுக்கிக்கொண்டே அந்த மீட்டர் முள்ளைப் பார். மைனஸ் பக்கம் சாய்ந்திருந்த முள் ஓரிடத்தில் நடுவுக்குத் துள்ளும். அங்கே நிறுத்தி, இடது கையால் டிகம்ப்ரசரை (சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் லீவர்) பிடித்துக் கிக்கரை ஒரு விரற்கடை தாண்டவிடு. டிகம்ப்ரசரை விட்டுவிடு. கிக்கரை மேலே வரவிட்டு, இப்போது முழு உடம்பு எடையோடு ஒரே மிதி. பலம் தேவையில்லை, பொறுமை தேவை. அவசரப்பட்டு நடுவில் உதைத்தால் அது திருப்பி உதைக்கும், முட்டிக்குக் கீழே நீலம் பாய்ந்துவிடும்.

உயரம் வேறு விஷயம். கிளாசிக் சீட் 805 மி.மீ., மீட்டியார் 765. நான்கு சென்டிமீட்டர்தானே என்று தோன்றும், பாரிமுனை நெரிசலில் ஒரு காலை ஊன்றும்போது தெரியும். ரெண்டிலும் உட்கார்ந்து பார்த்து முடிவு செய்ங்க.

அம்பத்தூர்: மைலேஜ்?

மேலே பார்க்கவும்.

ராயபுரம்: நீங்க என்னதான் சொன்னாலும் தம்பி, யு.சி.இ. வந்த அன்னைக்கே புல்லட் செத்துப்போச்சு. ஸ்ட்ரோக்கைக் குறைச்சுட்டான், சத்தம் போச்சு. இப்ப வர்றதெல்லாம் தையல் மிஷின்.

அண்ணே, மற்றதை விடுங்கள், ஸ்ட்ரோக்கை மட்டும் விடமாட்டேன். போர் என்றால் சிலிண்டர் அகலம், ஸ்ட்ரோக் என்றால் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம். காஸ்ட் அயர்ன் 350-க்கு போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90. யு.சி.இ. 350-க்கும் அதே 70, அதே 90. இரண்டும் 346 சி.சி. ஒரு மில்லிமீட்டர் குறையவில்லை. குறைந்தது ஜே-யில்தான்: 72, 85.8, மொத்தம் 349.

ராயபுரம்: அப்புறம் சத்தம் ஏன் மாறிச்சு? காது பொய் சொல்லுமா?

காது பொய் சொல்லாது, காரணத்தைத்தான் தப்பாகச் சொல்கிறது. பழைய என்ஜின் கம்ப்ரஷன் குறைவு, பிளைவீல் கனம், ஐடிலிங்கை (வண்டி நிற்கும்போது என்ஜின் சுற்றும் வேகம்) எவ்வளவு வேண்டுமானாலும் இறக்கி வைக்கலாம். நம் ஆட்கள் இறக்கி வைப்பார்கள், ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் நடுவில் டீ குடித்துவிட்டு வரலாம். அந்த இடைவெளியைத்தான் நீங்கள் சத்தம் என்கிறீர்கள். புதுசில் சைலன்சருக்குள் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் இருக்கிறது, ஜே-யில் ஐடிலிங்கையும் எலெக்ட்ரானிக்ஸ் பார்த்துக்கொள்கிறது. இன்னொன்று, இரும்பு என்ஜினில் டாப்பட், பிரைமரி செயின், ஃபுட் ரெஸ்ட் என எல்லாமே பாடும். நீங்கள் கேட்டது சைலன்சரை மட்டும் இல்லை, கச்சேரி முழுவதையும்.

ராயபுரம்: ஐடிலிங்கை இறக்கி வச்சா என்ன தப்பு? நாப்பது வருஷமா ஓட்டுறேன்.

ஓட்டுங்கள், ஆனால் கிராங்கில் இருக்கும் பிக் எண்ட் பேரிங்குக்கு ஆயில் போதாது. அந்தப் பம்ப் வேகம் என்ஜின் வேகத்தைப் பொறுத்தது. மெதுவாகச் சுற்றினால் மெதுவாகத்தான் அனுப்பும். சத்தத்துக்காக ஐடிலிங் இறக்கிய எத்தனை என்ஜின் புதுப்பேட்டை பழைய உதிரிபாகக் கடைகளில் பிரிந்து கிடக்கிறது என்று நீங்களே பார்த்திருப்பீர்கள்.

பெரம்பூர்: ராயபுரம் பெரியவர் சொல்றது சரிதான். வலது கால் கியர் போன பிறகு அது புல்லட்டே இல்ல.

இன்னொருவர் கிளம்பிவிட்டார். சரி, இதையும் பேசிவிடுவோம், இது உயிர் விஷயம். பழைய நான்கு கியரில் கியர் வலது கால், பிரேக் இடது கால். ஃபர்ஸ்ட் மேலே, மற்ற மூன்றும் கீழே. வீட்டில் இன்னொரு சாதாரண பைக்கும் ஓட்டுகிற பையன் இதில் ஏறி, எதிரே மாடு வந்ததும் பழக்கத்தில் வலது காலை அமுக்குவான். பிரேக் பிடிக்காது, அடுத்த கியர் விழும். வண்டி மாட்டை நோக்கித் தாராளமாகப் போகும். எனக்கு நடந்திருக்கிறது, திருவொற்றியூர் நெடுஞ்சாலையில். மாடு ஒதுங்கியது, நான் ஒதுங்கவில்லை. இரண்டு விதமும் ஓட்டுகிறவர்கள் முதல் ஒரு மாதம் பீச் ரோட்டில் அதிகாலையில் மட்டும் ஓட்டிப் பழகுங்கள்.

ராயபுரம்: அது ஓட்டத் தெரியாதவன் பிரச்சினை.

அண்ணே, நேரில் வாருங்கள், டீ வாங்கித் தருகிறேன். ஒன்று ஒப்புக்கொள்கிறேன்: ராத்திரி பத்து மணிக்குத் தெருமுனையில் திரும்பும்போதே வீட்டில் கதவைத் திறக்க வைக்கும் வண்டி அந்த இரும்பு ஒன்றுதான். மகனின் கிளாசிக் வாசலுக்கு வந்து ஹாரன் அடிக்க வேண்டியிருக்கிறது.

மேடவாக்கம்: சத்தத்துக்காக என்ன சைலன்சர் போடலாம்?

கம்பெனி கொடுத்தது.

கே.கே. நகர்: 1992 மாடல் பாண்டிச்சேரி ரிஜிஸ்ட்ரேஷன். 15 வருஷம் தாண்டிய வண்டி ஓட்டக்கூடாதாமே?

அது டெல்லிக் கதை. இங்கே 15 வருடம் முடிந்தால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியைக் காட்டி, பசுமை வரி கட்டி, ஆர்.சி.யைப் புதுப்பிக்கலாம். பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. உங்கள் சிக்கல் வேறு: பாண்டியிலிருந்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வர வேண்டும், இங்கே சாலை வரி கட்ட வேண்டும். என்.ஓ.சி. கைக்கு வருவதற்கு முன் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். என்ஜின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் பேப்பர் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பாருங்கள். ஏலத்தில் எடுத்த வண்டிகளில் என்ஜின் மாறியிருக்கும். என்ஜினை மாற்றிக் கட்டலாம், பேப்பரைக் கட்ட முடியாது.

முடிச்சூர்: 2016 கிளாசிக் மலிவாக வருகிறது. வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உங்கள் ஏரியாவில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் வண்டி வாங்கக் கூடாது. அது 2015 டிசம்பரைத் தப்பியிருக்கும், 2023 டிசம்பரைத் தப்பியதா என்று பாருங்கள். ஹெட்லைட்டைக் கழற்றி உள்ளே விரலை விடுங்கள், வண்டல் மண் அங்கேதான் ஒளிந்திருக்கும். சீட்டுக்கு அடியில் வயர் கப்ளர்களில் பச்சை பூத்திருக்கிறதா, ஸ்போக் நிப்பிளில் எல்லாச் சக்கரத்திலும் ஒரே அளவுக்குத் துருவா? புது பெயிண்ட் அடித்து மலிவாக வந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள்.

திருவான்மியூர்: எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய வண்டிக்கு ஆகுமா?

ஓடும். பழைய ரப்பர் ஹோஸும் பெட்ரோல் டேப் வாஷரும் சீக்கிரம் உப்பிவிடும், மாற்றிவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், நீங்கள் இருப்பதோ கடலோரம். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் அரை டேங்க்கோடு விடாதீர்கள், காலியாக இருக்கும் பாதியில்தான் துரு பிடிக்கும்.

போரூர்: ஆர்.எக்ஸ். 100 பற்றி?

அது வேறு மதம்.

குரோம்பேட்டை: அண்ணா, காஸ்ட் அயர்ன் எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும்?

மைலேஜ் கேட்டு முடிவு செய்கிறவர்கள் தயவுசெய்து ஸ்கூட்டர் வாங்குங்கள். கோபமாகச் சொல்லவில்லை. கொஞ்சம் கோபமாகத்தான் சொல்கிறேன்.

வேளச்சேரி: அண்ணா, மறுபடி நான்தான். எல்லாம் படித்த பிறகும் மனசு இரும்பில்தான் நிற்கிறது. ஆபீஸுக்கு ஸ்கூட்டர் இருக்கிறது, அது போதும். வில்லிவாக்கத்தில் ஒரு 1988 பார்த்திருக்கிறேன். பக்கத்துத் தெருவிலேயே பழைய மெக்கானிக் ஒருவர் இருக்கிறார், கேட்டுவிட்டேன். நாளைக்கு வருவீங்களா?

மெக்கானிக்கைக் கேட்டாயே, அதற்காகவே வருகிறேன். காலை ஆறு மணிக்கு. ஓனருக்கு இப்போதே போன் போட்டு, நாங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லிவிடு. போனதும் முதலில் என்ஜின் மேல் கை வைத்துப் பார்ப்பேன். சூடாக இருந்தால் பேசாமல் டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடலாம்.