வால்வில் இரண்டு இதழ்: குழாயிலும் அடைப்பு வருமா?

கேள்வி: வயது 38, கரைவலைத் தொழில். காய்ச்சலுக்குக் காட்டப் போன இடத்தில் நெஞ்சில் இரைச்சல் கேட்கிறதென்று எக்கோ (இதய ஸ்கான்) எடுத்தார்கள். பெருநாடி வால்வு பிறவியிலேயே ‘பைகஸ்பிட்’, வால்வு வழி இரத்தம் பாயும் வேகம் செக்கனுக்கு 2.6 மீற்றர், பெருநாடி (இதயத்திலிருந்து புறப்படும் பெரிய குழாய்) அகலம் 4.1 சென்றிமீற்றர் என்று எழுதியிருக்கிறது. எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரோல்) 168. கொலஸ்ட்ரோல் குளுசை போட்டால் வால்வில் கட்டும் சுண்ணாம்பும் கரையும் என்கிறார் மச்சான். இந்த வால்வு உள்ளவர்களுக்கு இதயக் குழாயில் அடைப்பும் கட்டாயம் வருமா?
- வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: கரையாது. அடைப்பு கட்டாயம் வரும் என்பதும் இல்லை.

மூன்று இதழ் இருக்க வேண்டிய வால்வில் உங்களுக்கு இரண்டு ஒட்டிப் பிறந்திருக்கும். நூற்றில் ஒருவர், இருவருக்கு இப்படி உண்டு, ஆண்களுக்கே அதிகம். வாசல் ஒழுங்காகத் திறக்காததால் இரத்தம் சுழித்துப் பாய்ந்து இதழை உரசுகிறது. உரசிய இடத்தில் முதலில் கொழுப்பு படியும், பிறகு சுண்ணாம்பு கட்டும். மற்றவர்களுக்கு எழுபது தாண்டி வருகிற வால்வுச் சுருக்கம் இவர்களுக்கு ஐம்பது, அறுபதிலேயே வருவது இதனால்தான்.

மச்சான் சொன்னது வெறும் கதையல்ல. தொடக்கம் குழாய் அடைப்பைப் போலவே இருப்பதால் வைத்தியர்களும் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். 2008இல் வெளியான ‘சீஸ்’ ஆய்வில், வால்வு சுருங்கிய 1,873 பேரில் ஒரு பகுதியினருக்கு சிம்வாஸ்டட்டின், எசெற்றிமைப் என்ற இரண்டு கொலஸ்ட்ரோல் குளுசைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். கொலஸ்ட்ரோல் நன்றாக இறங்கியது, குழாய் அடைப்பால் வரும் கோளாறுகளும் குறைந்தன. வால்வு மட்டும் தன்பாட்டில் சுருங்கிக்கொண்டே போனது. சுண்ணாம்பு கட்டத் தொடங்கினால் அது எலும்பு வளர்வது போன்ற வேலை. கொழுப்பைக் குறைத்து அதை நிறுத்த முடியவில்லை.

ஆகவே குளுசை வால்வுக்கு அல்ல, குழாய்க்கு. தேவையா என்பதை எல்.டி.எல்., பிரஷர், சீனி, புகைத்தல், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு ஆகியவற்றைச் சேர்த்துத்தான் தீர்மானிப்பார்கள். பைகஸ்பிட் வால்வுக்குச் சத்திரசிகிச்சைக்கு வருபவர்களிடம் அடைப்பு குறைவாகக் காணப்படுவது உண்மை. அவர்கள் வயதில் இளையவர்கள் என்பதே பெரிய காரணம். வால்வு உங்களைக் காப்பாற்றும் என்று எண்ண வேண்டாம். பீடி குடிப்பவரானால் அதை விடுவது எந்தக் குளுசைக்கும் குறையாத மருந்து.

வேகம் 2.6 என்றால் இலேசான சுருக்கம். 4ஐத் தொட்டால்தான் கடுமை. நீங்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது அந்த 4.1ஐ, அதாவது பெருநாடி விரிந்திருப்பதை. இந்த வால்வோடு பெருநாடிச் சுவரும் பலவீனமாக இருக்கலாம், 5.5இல், வேறு ஆபத்துகளும் இருந்தால் 5இலேயே, சத்திரசிகிச்சை பற்றிப் பேசுவார்கள். வலையின் மடி கரைக்குக் கிட்ட வரும்போது எல்லாரும் மூச்சைப் பிடித்து இழுப்பார்களே, அந்த நேரத்தில் பிரஷர் சட்டென்று ஏறும். அந்த இழுவையை மற்றவர்களிடம் விடுங்கள். நெல் மூட்டை தூக்குவதும் அப்படியே. நடை, சைக்கிள் பரவாயில்லை. பிரஷர் 130/80க்குள் இருக்கட்டும், கருவாட்டைக் குறையுங்கள். வருடம் ஒருமுறை எக்கோ எடுத்து, பழைய அறிக்கையையும் கொண்டுபோங்கள். அளவு எவ்வளவு கூடியது என்பதுதான் முக்கியம். சிறுநீர்த் தொற்றுக்கு பாமசியில் தாமாகவே சிப்ரோபுளொக்சசின் என்ற அன்ரிபயோற்றிக்கைக் கேட்டு வாங்குகிறவர்கள் நம் பக்கம் அதிகம். பெருநாடி விரிந்தவர்கள் அதை வைத்தியரைக் கேட்காமல் போடக்கூடாது.

நெஞ்சு வலித்தால் ‘வால்வு வலி’ என்று படுத்துவிடாதீர்கள். சுருக்கம் கடுமையானால் அடைப்பே இல்லாமலும் வலி வரும், அடைப்பாலும் வரும். எது என்று வீட்டில் பிரிக்க முடியாது. முதுகுக்குப் போகும் கிழிக்கிற மாதிரி வலி என்றால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள், வந்தவர்களிடம் முதல் வார்த்தையாகப் பெருநாடி விரிந்திருப்பதைச் சொல்லுங்கள். அதைச் சொல்லுமுன் அஸ்பிரின் மெல்ல வேண்டாம். சுவர் கிழிந்திருந்தால் அது ஆபத்து.

கேள்வி: தம்பிக்கு இந்த வால்வு. எனக்கு இரைச்சல் இல்லை என்கிறார்கள். எக்கோ தேவையா?
- வாசகி, அக்கரைப்பற்று

பதில்: தேவை. கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகளில் பத்தில் ஒருவருக்கு இருக்கலாம். இரைச்சல் கேட்காமலும் வால்வு பைகஸ்பிட்டாக இருக்கும். ஒருமுறை எடுத்தால் போதும். வால்வும் பெருநாடியும் சரியென்றால் அதோடு முடிந்தது.

கேள்வி: எனக்கும் பைகஸ்பிட் வால்வு. பல் பிடுங்குவதற்கு முன் அன்ரிபயோற்றிக் போட வேண்டுமா?
- வாசகர், காரைதீவு

பதில்: பைகஸ்பிட் வால்வு என்பதற்காக மட்டும் இப்போது கொடுப்பதில்லை. செயற்கை வால்வு வைத்தவர்களுக்கும் முன்பு வால்வில் தொற்று வந்தவர்களுக்கும் கட்டாயம். உங்களுக்குப் பல்லைச் சுத்தமாக வைத்திருப்பதுதான் காவல். பல் வைத்தியரிடம் வால்வு விஷயத்தை மறைக்காதீர்கள்.