கூச்சமா, அடக்கமா? – சொல் கேள்வி பதில்

கேள்வி: மாணவர்களுக்கு நன்னடத்தைச் சான்று எழுதும்போது, வாய் திறக்காத பிள்ளைகளை ‘அடக்கமானவர்’ என்று எழுதிவிடுகிறோம். கூச்ச சுபாவமும் அடக்கமும் ஒன்றுதானா?
– ஓர் ஆசிரியை, பாளையங்கோட்டை

பதில்: ஒன்றில்லை. காதால் கேட்டே பிரித்துவிடலாம். சொல்லை ‘எனக்கு’ என்பதற்கும் ‘இருக்கு’ என்பதற்கும் நடுவே வையுங்கள். எனக்குக் கூச்சமா இருக்கு, வெக்கமா இருக்கு, பயமா இருக்கு, தயக்கமா இருக்கு. எல்லாம் இயல்பாக வருகின்றன. ‘எனக்கு அடக்கமா இருக்கு’ என்று யாரும் சொல்வதில்லை. பணிவும் அப்படித்தான். அடுத்து, ஏவிப் பாருங்கள். ‘அடக்கமா இரு’, ‘பணிவாப் பேசு’ என்று பிள்ளையிடம் சொல்லலாம். ‘கூச்சமா இரு’ என்று சொல்ல வாய் வராது. ‘கூச்சப்படாதல’ என்றுதான் சொல்வோம். கூச்சம் ஆளுக்குத் தானாக வருவது, அடக்கம் ஆள் தெரிந்து கைக்கொள்வது.

‘படு’ சேர்த்தாலும் குட்டு வெளிப்படும். வெட்கப்பட்டான், பயப்பட்டான் என்பவை அவன் மனநிலை. ‘அடக்கப்பட்டான்’ என்றாலோ வேறொருவர் அவனை அடக்கிவிட்டார் என்று பொருள்.

பதில் தெரிந்தும் எழுந்து சொல்லத் தொண்டை அடைக்கிற பிள்ளைக்குக் கூச்சம். முதல் மதிப்பெண் வாங்கியும் அலட்டிக்கொள்ளாத பிள்ளைக்கு அடக்கம். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டியதில்லை. மேடையேறி அவையடக்கம் சொல்பவர் துளியும் கூச்சமில்லாமல்தான் சொல்கிறார்! பேசாமல் இருப்பதை மட்டும்தான் பார்த்திருக்கிறீர்கள் என்றால் சான்றில் ‘அமைதியானவர்’ என்று எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் ஆச்சி ‘சூதானம்’, ‘பதனம்’, ‘பைய’ மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்வாள். எல்லாம் ‘கவனம்’தானே?
– ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: ஆச்சி மாற்றிச் சொல்லவில்லை, சரியாகத்தான் சொல்கிறாள். ‘எய்யா, படியில பாசி பிடிச்சுக் கெடக்கு, பைய எறங்கு’ என்றால் அது வேகத்தைப் பற்றியது. ‘ஆத்துல தண்ணி கூடுதலா வருது, சூதானமாக் குளி’ என்றால் சுற்றிலும் ஒரு கண் வைத்திரு என்பது. ‘சட்டியப் பதனமா வையி’ என்றால் கையில் இருக்கும் பொருள் சேதப்படக் கூடாது. சூதானம் உள்ளவன் பயந்தவன் இல்லை. பயந்தாங்கொள்ளி ஆற்றில் இறங்கவே மாட்டான், சூதானக்காரன் ஆழம் பார்த்துக் குளித்துவிட்டு வருவான். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமல் இருப்பதைப் பேதைமை என்கிறது 428ஆம் குறள். அந்த அச்சத்துக்குப் பக்கத்து வீடுதான் சூதானம்.

‘சூதானமாக’ என்று அச்சில் எழுதத் தயங்க வேண்டாம். ‘சாவதானமாக’ என்று மட்டும் திருத்திவிடாதீர்கள். இன்றைய வழக்கில் அதற்கு அவசரமில்லாமல், ஆற அமர என்று பொருள்.

கேள்வி: ‘கமுக்கமான பையன்’ என்று பெண் வீட்டாரிடம் சொன்னேன். முகம் மாறிவிட்டது. ஏன்?
– ஒரு வாசகர், நாங்குநேரி

பதில்: மாறத்தான் செய்யும். உள்ளே ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே காட்டாதவன்தான் கமுக்கமானவன். அமுக்குணி அதற்கும் ஒரு படி மேல். ‘அடக்க ஒடுக்கமான பையன்’ என்று சொல்லியிருக்கலாம். ‘அப்பிராணி’யும் அங்கே வேண்டாம்; ஏமாளி என்று எடுத்துக்கொள்வார்கள். ‘தொட்டாற்சிணுங்கி’ என்றாலோ பொசுக்கென்று கோபித்துக்கொள்பவன் என்று ஆகிவிடும்.

கேள்வி: நாணம் பெண்களுக்கு மட்டும் உரியதா?
– ஒரு வாசகி, வள்ளியூர்

பதில்: இல்லை. குறளில் நாணுடைமை 102ஆவது அதிகாரம். தகாத செயலுக்குக் கூசுவதையே அது நாண் என்கிறது. பெண்களின் நாணம் வேறு என்று முதல் குறளே (1011) பிரித்து வைத்துவிடுகிறது. கல்யாணப்பெண்ணின் தலைகுனிவுக்கு மட்டும் இந்தச் சொல்லை ஒதுக்கியது நாம்தான்.

கேள்வி: ‘வெட்க்கம்’ சரியா?
– ஒரு மாணவர், திசையன்விளை

பதில்: தவறு. ட், ற் இரண்டையும் அடுத்து இன்னொரு வல்லின மெய் வராது. வெட்கம், முயற்சி என்றே எழுதுங்கள்.