ஒழுங்குமுறை அமைப்பை யார் மதிப்பிடுகிறார்கள்? – கேள்வி பதில்

அணுசக்தியையும் கதிர்வீச்சுப் பயன்பாட்டையும் மேற்பார்க்கும் ஒழுங்குமுறை அமைப்புகள் தங்கள் வேலையைத் தாங்களே எப்படி மதிப்பிட்டுக்கொள்கின்றன என்பது பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். அணுமின்சாரம் வேண்டுமா, வேண்டாமா என்பது வேறு விவாதம். அதற்குள் இன்று போக மாட்டேன்.

இயற்பியல் மாணவி: ஐயா, தேர்வெழுதியவரே தம் விடைத்தாளைத் திருத்துவது போன்றதுதானே இந்தச் சுயமதிப்பீடு?

அதோடு நிறுத்திவிட்டால் அப்படித்தான் ஆகும். அதனால்தான் அதற்குப் பின்னால் இன்னொரு கட்டம் இருக்கிறது. முதலில், சர்வதேச அணுசக்தி முகமையின் பாதுகாப்புத் தரங்களை ஒவ்வொன்றாக எடுத்துவைத்து, "இதை நிறைவேற்றுகிறோமா? அதற்கு ஆதாரம் எங்கே?" என்று அமைப்பின் ஊழியர்களே பதில் எழுதுகிறார்கள். இதற்கென்றே 'சாரிஸ்' என்ற கேள்வித் தொகுப்பை முகமை தருகிறது. தாங்களே கண்ட குறைகளுக்கு ஒரு செயல்திட்டமும் எழுத வேண்டும். பிறகு, பிற நாடுகளின் ஒழுங்குமுறை அதிகாரிகள் அடங்கிய குழு வருகிறது. 2006 முதல் இதை ஐ.ஆர்.ஆர்.எஸ். என்று அழைக்கிறார்கள். அவர்கள் கோப்புகளைப் படிப்பதோடு நிற்பதில்லை. ஆய்வாளர்களுடன் தளங்களுக்கும் போகிறார்கள். தரம் நிறைவேறாத இடத்தில் 'பரிந்துரை', மேம்படுத்தக்கூடிய இடத்தில் 'ஆலோசனை', பிறர் பின்பற்றத்தக்கதற்கு 'நல்ல நடைமுறை' என்று பதிவு செய்கிறார்கள். சில ஆண்டுகள் கழித்துத் தொடர் ஆய்வு நடக்கிறது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் பத்து ஆண்டுக்கு ஒருமுறையாவது இவை நடக்க வேண்டும் என்பது சட்டக் கட்டாயம்.

அறிக்கை கையில் கிடைத்தால் எத்தனை பாராட்டு வந்தது என்று பார்க்காதீர்கள். குழு சொன்ன பரிந்துரைகளில் எத்தனையை அமைப்பு தன் சுயமதிப்பீட்டிலேயே கண்டுபிடித்திருந்தது என்று பாருங்கள். வெளியார் வந்து சொன்ன பிறகுதான் எல்லாம் தெரிந்தது என்றால், அந்தச் சுயமதிப்பீடு நேர்மையாக நடக்கவில்லை.

புதியவர்: ஓசார்ட் குழு வந்துபோனால் போதாதா?

போதாது. ஓசார்ட் என்பது அதே முகமை அனுப்பும் இன்னொரு ஆய்வுக் குழு. அது அணுமின் நிலையத்தை இயக்குபவர்களைப் பார்க்கிறது. நாம் பேசுவது அவர்களைக் கண்காணிப்பவர்களைப் பற்றி.

தரக்கட்டுப்பாட்டு அலுவலர்: என்னென்ன குறியீடுகளை வைத்து அளக்கிறார்கள்? ஆய்வுகளின் எண்ணிக்கை, உரிமம் வழங்க ஆகும் நாட்கள் போன்றவையா?

அவை எல்லா ஆண்டறிக்கையிலும் இருக்கும். எளிதாக எண்ண முடிகிறது என்பதால் இருக்கின்றன. நான் எங்கும் சொல்லும் எச்சரிக்கை இதுதான்: செய்த வேலையை எண்ணுவது வேறு, அந்த வேலையால் என்ன மாறியது என்று பார்ப்பது வேறு.

அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் டேவிஸ்-பெஸ்ஸே அணு உலையை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையம் 2000-இல் புதிய மேற்பார்வை முறையைத் தொடங்கியது. செயல்பாட்டுக் குறியீடுகளுக்கு நிறம் கொடுக்கும் முறை அது. அந்த நிலையத்தின் குறியீடுகள் பச்சையாகவே இருந்தன. 2002 மார்ச்சில் உலைக்கலத்தின் மூடியைப் பார்த்தபோது, விரிசல் வழியே கசிந்த போரிக் அமிலம் எஃகைத் தடிமன் முழுவதும் அரித்துத் தின்றிருந்தது. ஒரு சென்டிமீட்டர் அளவே உள்ள துருப்பிடிக்காத எஃகு உட்பூச்சுதான் உள்ளே இருந்த அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. இத்தகைய விரிசல்களைப் பற்றி ஆணையத்துக்கு முன்பே தெரியும். 2001 முடிவதற்குள் சோதிக்க வேண்டும் என்று நினைத்த ஆணையமே, இந்த நிலையத்துக்கு 2002 பிப்ரவரி வரை அவகாசம் கொடுத்தது. உரிமம் பெற்றவரின் பண இழப்பைக் குறைக்கும் விருப்பமே அந்த முடிவைப் பெருமளவு வழிநடத்தியது என்று ஆணையத்தின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் அதே ஆண்டு டிசம்பரில் எழுதியது.

அந்த அலுவலகம் ஆணையத்துக்குள் இருந்தும் சுயேச்சையாக இயங்குவது. தன் வீட்டுக்குள்ளேயே அப்படி எழுதக்கூடிய ஒருவரை வைத்திருப்பதை நான் எந்தக் குறியீட்டையும் விட உயர்வாக மதிக்கிறேன்.

வாசகர் ஒருவர்: விபத்தே நடக்கவில்லை என்றால், அமைப்பு நன்றாக வேலை செய்கிறது என்றுதானே பொருள்?

இல்லை. டேவிஸ்-பெஸ்ஸேயிலும் விபத்து நடக்கவில்லை.

இளம் தாய்: குழந்தைக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள், எடுக்கலாமா?

எழுதித் தந்த மருத்துவரிடமே கேளுங்கள் அம்மா. ஸ்கேன் ஏன் தேவை, கதிர்வீச்சு இல்லாத வேறு வழி உண்டா என்ற இரண்டையும் தயங்காமல் கேளுங்கள்.

ஐயமுள்ளவர்: ஜப்பானுக்கு 2007-இல் ஐ.ஆர்.ஆர்.எஸ். குழு போனது. நான்கே ஆண்டில் ஃபுகுஷிமா. ஒருவரையொருவர் முதுகில் தட்டிக்கொள்ளும் சடங்குக்கு நீங்கள் ஏன் இவ்வளவு மரியாதை தருகிறீர்கள்?

நியாயமான கேள்வி. விரிவாகவே சொல்கிறேன். அன்று ஜப்பானின் ஒழுங்குமுறை முகமையான நிசா, அணுசக்தியை ஊக்குவிக்கும் அதே பொருளாதார அமைச்சகத்தின் கீழ் இருந்தது. குழு அதைக் கவனித்தது. நிசாவுக்கும் இன்னொரு அரசு அமைப்பான அணுப் பாதுகாப்பு ஆணையத்துக்கும் இடையே யாருக்கு என்ன பொறுப்பு என்பதைத் தெளிவாக்கச் சொன்னது. ஆனால் நடைமுறையில் நிசா சுயேச்சையாகவே இயங்குகிறது என்றும், அதைச் சட்டத்தில் இன்னும் தெளிவாகக் காட்டலாம் என்றும் மென்மையாக எழுதியது. அந்த மென்மை தவறு என்றே நான் நினைக்கிறேன். 2012-இல் ஜப்பான் நாடாளுமன்றத்தின் விசாரணைக் குழு, ஒழுங்குபடுத்த வேண்டியவர்கள் தொழில்துறையின் பிடிக்குள் போய்விட்டார்கள் என்று வெளிப்படையாகச் சொன்னது.

ஆனால் சடங்கு என்று ஒதுக்க மாட்டேன். அதே ஆண்டு உருவான புதிய ஒழுங்குமுறை ஆணையத்தை 2016-இல் ஐ.ஆர்.ஆர்.எஸ். குழு பார்த்தது. ஆய்வு முறையையே மாற்றச் சொன்னது. 2017-இல் சட்டம் திருத்தப்பட்டது, 2020 ஏப்ரலில் புதிய ஆய்வு முறை நடைமுறைக்கு வந்தது. சொன்னதைக் கேட்கும் இடத்தில் அது பலன் தருகிறது.

முன்னாள் ஆய்வாளர்: குறுக்கிடுகிறேன். சட்டப்படி தனி அமைப்பாகப் பிரித்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது. மதிப்பீடு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

பிரிப்பது தேவைதான். அது போதும் என்பதை ஏற்க மாட்டேன். கனடாவில் ஒழுங்குமுறை ஆணையம் பிரிந்துதான் இருந்தது. 2007 நவம்பரில் சாக் ரிவர் ஆய்வு உலையில் பம்புகளுக்கான அவசர மின் இணைப்பு முடிக்கப்படாதது தெரியவந்து உலை நின்றது. மருத்துவ ஐசோடோப்புகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. டிசம்பரில் நாடாளுமன்றமே சட்டம் இயற்றி உலையை இயக்க வைத்தது. ஜனவரியில் ஆணையத்தின் தலைவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். ஒரே மாத நெருக்கடியில் சட்டப்படியான சுதந்திரம் என்ன ஆனது என்று பாருங்கள். பின்னால் நடந்த மீளாய்வு, ஆணையமும் தன் எதிர்பார்ப்புகளைக் கட்டாய நிபந்தனைகளாகத் தெளிவாக எழுதிவைக்கவில்லை என்று காட்டியது. அதை ஒழுங்கான சுயமதிப்பீடு முன்பே பிடித்திருக்க வேண்டும்.

ஐயமுள்ளவர்: ஃபுகுஷிமாவில் எந்தச் சுயமதிப்பீடு எதைப் பிடித்திருக்கும்? சுனாமியையா?

சுனாமியை விடுங்கள். ஜப்பானின் 1990-ஆம் ஆண்டு வடிவமைப்பு வழிகாட்டி, மாறுதிசை மின்சாரம் முழுவதும் நீண்ட நேரம் துண்டிக்கப்படுவதைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை என்றது. மின்தொடர்களோ அவசர மின்னாக்கிகளோ விரைவில் சரியாகிவிடும் என்பது அதன் காரணம். இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த வரி அப்படியே இருந்தது. ஃபுகுஷிமாவில் நடந்தது அந்த மின்துண்டிப்புதான். நான் வற்புறுத்துவது இதைத்தான்: உரிமம் பெற்றவர் விதியைப் பின்பற்றுகிறாரா என்று மட்டும் பார்த்தால் போதாது, நம் விதி இன்னும் சரியா என்று நாமே கேட்க வேண்டும்.

இன்னொன்று. 2000-இல், ஃபுகுஷிமாவை இயக்கிய டெப்கோ நிறுவனத்தின் நிலையங்களில் ஆய்வுப் பதிவுகள் திரிக்கப்பட்டதாக ஒருவர் அமைச்சகத்துக்குப் புகார் எழுதினார். அவர் யார் என்பதை அரசுத் தரப்பே நிறுவனத்துக்குத் தெரிவித்தது. விவகாரம் வெளியே வர 2002 ஆயிற்று. குறை சொல்பவரை ஓர் அமைப்பு எப்படி நடத்துகிறது, தன் ஊழியரின் மாற்றுக்கருத்தை எப்படிப் பதிவு செய்கிறது என்பதற்கு மதிப்பீட்டில் தனி அத்தியாயமே வேண்டும். பல அறிக்கைகளில் ஒரு பத்திகூட இருப்பதில்லை. எனக்கு உண்மையாகவே கோபம் வருவது அங்கேதான்.

மற்றொரு வாசகர்: பெரிய விபத்து எதுவும் இல்லாத நாடுகளின் அமைப்புகள் சிறந்தவை என்று எடுத்துக்கொள்ளலாமா?

மேலே பதில் இருக்கிறது. தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

பத்திரிகையாளர்: இந்தியாவில் இத்தகைய மதிப்பீடு நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தை ஐ.ஆர்.ஆர்.எஸ். குழு 2015-இல் பார்த்தது. அதற்கு முன், 2012-இல் வெளியான தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையைத் தேடிப் படியுங்கள். மருத்துவ எக்ஸ்ரே நிலையங்களில் சுமார் 91 விழுக்காடு வாரியத்தில் பதிவே செய்யாமல் இயங்கின என்று அது கண்டது. எல்லோரும் உலைகளைப் பார்த்துக்கொண்டிருக்கையில், மக்கள் அன்றாடம் நுழையும் அறைகள் மேற்பார்வைக்கு வெளியே இருந்தன.

சிறிய அமைப்பின் அலுவலர்: எங்கள் நாட்டில் உலை இல்லை. மருத்துவமனைகளிலும் தொழிற்சாலைகளிலும் கதிரியக்க மூலங்கள் மட்டுமே. ஊழியர்களும் மிகக் குறைவு. எங்கிருந்து தொடங்குவது?

உலை இல்லாததால் ஆபத்து இல்லை என்று நினைக்க வேண்டாம். 1987-இல் பிரேசிலின் கோயானியாவில், கைவிடப்பட்ட மருத்துவமனைக் கட்டடத்தில் சீசியம்-137 கருவி கிடந்தது. அதைப் பிரித்தவர்களிடமிருந்து பரவிய கதிரியக்கத்தால் 4 பேர் இறந்தார்கள். உங்கள் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள். உரிமம் காலாவதியானவை, மூடப்பட்ட நிறுவனங்களின் பெயரில் உள்ளவை, பல காலமாகக் கடிதத்துக்குப் பதில் வராதவை ஆகியவற்றை முதலில் எடுங்கள். அந்த முகவரிகளுக்கு நேரில் போய், மூலம் இருக்கிறதா என்று கருவியோடு பாருங்கள். பதிவேட்டுக்கும் கண்ணால் கண்டதற்கும் உள்ள வேறுபாட்டை அப்படியே எழுதுங்கள். முதல் ஆண்டுக்கு அதுவே உங்கள் சுயமதிப்பீட்டு அறிக்கை.