ஓய்வூதியத்தை எடுத்துக்கொண்டு பிரியலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த்தில் வசிக்கும் எனக்கு வயது 53. 1998இல் கோயிலில் தாலி கட்டி, முறைப்படி பதிவும் செய்தோம். சொத்து பற்றித் திருமணத்துக்கு முன் ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை. மனைவியும் பிள்ளைகளும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இரவு வேலை முடிந்து வந்தால் மூடிவைத்த தட்டுதான் காத்திருக்கிறது. வேலையை ராஜினாமா செய்து, ஓய்வூதிய நிதியை எடுத்துக்கொண்டு, பிறகு விவாகரத்துக் கேட்கலாமா?

பதில்: ஐயா, உங்கள் மனக்குறை பொய்யென்று நான் சொல்லவில்லை. ஆனால் 1979ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டப்படி மணவாழ்வு சீர்செய்ய முடியாதபடி முறிந்துவிட்டது என்று நீதிமன்றம் கண்டால், விவாகரத்து வழங்க அதுவே போதும். உங்கள் வழக்கைத் தீர்மானிப்பது, போகிறபோக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரி: முன் ஒப்பந்தம் இல்லை. ஆகவே உங்களுடையது கூட்டுச் சொத்துத் திருமணம்; அதாவது இருவரின் சொத்தும் கடனும் ஒன்றாகி, பிரியும்போது பாதிப் பாதியாகும். விவாகரத்தின்போது உங்கள் ஓய்வூதிய உரிமையும் அந்தக் கூட்டுச் சொத்திலேயே சேரும்.

முன்கூட்டி எடுத்துவிட்டால் பணம் தப்பிவிடும் என்று நம்பிக் கெட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். கைக்கு வந்த பணமும் கூட்டுச் சொத்தே; வரியும் பிடிக்கப்படும். 2024 செப்டம்பர் 1 முதல் சேரும் தொகையில் மூன்றில் இரண்டு பங்கை, ராஜினாமா செய்தாலும், ஓய்வு பெறும்வரை எடுக்க முடியாது. தொழிற்சாலையில் 26 ஆண்டுகள் உழைத்து, ராஜினாமா செய்த ஒருவர், நிதியிலிருந்து வந்த காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு என் எதிரே அமர்ந்திருந்தார். வந்த பணத்தில் பாதியைத் தம்பியின் கடையில் போட்டார், கடை மூடப்பட்டது. மனைவியின் வழக்கறிஞர் முழுத் தொகைக்கும் கணக்குக் கேட்டபோது, செலவானதை அந்தக் கணவரின் பங்கில் கழித்துத்தான் பேசி முடிக்க முடிந்தது. வேலையில்லை என்ற வாதமும் ஜீவனாம்சத்தில் எடுபடவில்லை, ஏனெனில் சம்பாதிக்கும் திறனையும் நீதிமன்றம் பார்க்கிறது. அந்த வயதில் அவருக்கு வேறு வேலையும் கிடைக்கவில்லை.

ராஜினாமாக் கடிதம் எழுதியிருந்தால் கிழித்துவிடுங்கள். பிரிவதென்றே முடிவு செய்தால், வழக்காடாமல் சமரசமாக முடியுங்கள். வீட்டின் மதிப்பையும் நிதியின் அறிக்கையையும் அருகருகே வைத்து, வீட்டில் உங்கள் பாதியை மனைவிக்கு விட்டு, நிதி உங்களிடமே இருக்கும்படி எழுத முடியுமா என்று பாருங்கள். வீட்டுக் கடன் பாக்கியிருந்தால், வங்கி உங்களை எழுத்து மூலம் விடுவிக்கும்வரை அக்கடன் உங்கள் தலையிலும் இருக்கும். நிதியைப் பங்கிடுவதானால், அதன் சரியான பெயரும் மனைவிக்குரிய பங்கும் தீர்ப்பில் தெளிவாக இடம்பெற வேண்டும். இல்லையேல் நிதி நிர்வாகம் பணம் தர மறுக்கும், நீங்கள் இருவரும் திருத்தம் கேட்டு மறுபடியும் நீதிமன்றப் படியேற நேரும்.