உண்மையைத்தான் எழுதுகிறேன், கேஸ் வருமா?

"ஊர் விவகாரங்களை இணையத்தில் எழுதுகிறேன். எழுதுவது உண்மையாக இருந்தால் யாரும் கேஸ் போட முடியாதுதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். போடலாம். நான் வழக்கறிஞர் இல்லை. வக்கீல் நோட்டீஸ் வாங்கிய அனுபவத்தில் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் புதிதாகப் போட்ட தார் ரோடு ஒரே மழையில் பெயர்ந்துவிட்டது. படங்களோடு எழுதினேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய பதிலில் வேலையின் மதிப்பு, பில் பாஸான தேதி எல்லாம் இருந்தன. அதோடு நிறுத்தாமல், கோபத்தில் காண்ட்ராக்டர் பெயரைப் போட்டு "பணத்தைச் சுருட்டிவிட்டார்" என்று ஒரு வரி சேர்த்தேன். பதிவுத் தபாலில் நோட்டீஸ் வந்தது. தெரிந்த வக்கீல் அக்கா முழுக்கப் படித்துவிட்டு, "இந்த ஒரு வரிக்குத்தான் தம்பி உன்கிட்ட பேப்பர் இல்ல. அத மட்டும் எடு, மத்ததுல கை வைக்காத" என்றார். எடுத்தேன். எடுத்த விவரத்தையும் அடியில் குறிப்பிட்டேன். பதில் நோட்டீஸ் போனபின் அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றும் வரவில்லை.

இந்தியாவில் அவதூறுக்கு சிவில் வழக்கும் உண்டு, கிரிமினல் வழக்கும் உண்டு. பழைய இ.பி.கோ. 499, 500 பிரிவுகள் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 356ஆவது பிரிவு. இரண்டு ஆண்டு வரை சிறை. கிரிமினல் வழக்கில் எழுதியது உண்மை என்று காட்டினால் மட்டும் போதாது, பொது நன்மைக்காக வெளியிட்டேன் என்றும் காட்ட வேண்டும். இணையத்தில் புண்படுத்தும்படி எழுதினால் தண்டிக்கும் ஐ.டி. சட்டத்தின் 66ஏ பிரிவு 2015இல் ரத்தானதால் பயமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். ரத்தானது அந்த ஒரு பிரிவுதான். அவதூறுப் பிரிவு செல்லும் என்று 2016இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

உங்களுக்குத் துணை நிற்கும் தீர்ப்பு ஒன்று இருக்கிறது, அதுவும் நம் ஊர் வழக்கு. கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய சுயசரிதையை நக்கீரன் பத்திரிகை வெளியிடப்போவது தெரிந்து சிறைத்துறை தடுக்கப் பார்த்தது. ஆசிரியர் கோபால் உச்ச நீதிமன்றம் போனார். 1994 அக்டோபரில் வந்த தீர்ப்பின்படி, நீதிமன்ற ஆவணம் போன்ற பொது ஆவணத்தில் இருப்பதை யாருடைய சம்மதமும் இல்லாமல் வெளியிடலாம். அவதூறாகிவிடுமோ என்று அரசு முன்கூட்டியே தடுக்க முடியாது. அதிகாரியின் அலுவல் சார்ந்த செயலைப் பற்றி நியாயமாக விசாரித்து எழுதியிருந்தால், அதில் பிழையே இருந்தாலும் அவர் நஷ்டஈடு கேட்க முடியாது. அதனால்தான் சொல்கிறேன், ஒவ்வொரு வரிக்கும் கையில் காகிதம் வைத்துக்கொள்ளுங்கள்.

காகிதம் இருந்தாலும் எழுதக் கூடாத இடம் ஒன்றுண்டு: பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளம். பாதிக்கப்பட்டது குழந்தை என்றால் போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவு பெயர், படம், வீட்டு விலாசம், பள்ளி, குடும்ப விவரம், அக்கம்பக்கம் எதையும் வெளியிட விடாது. சின்ன ஊரில் "மேலத்தெரு டெய்லர் பொண்ணு" என்றாலே எல்லோருக்கும் தெரிந்துவிடும். எஃப்.ஐ.ஆர். நகல் கைக்கு வந்தாலும் அதைப் போட்டோ எடுத்து ஏற்றிவிடாதீர்கள்.