ஞாயிற்றுக்கிழமை வராத வயிற்றுவலி

குடியாத்தம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். நீளமான கடிதம், சுருக்கித் தருகிறேன்.

“என் பொண்ணுக்கு 14 வயசு. எட்டாவது வரைக்கும் எங்க ஊர் நடுநிலைப் பள்ளியில படிச்சா. இந்த வருஷம் ஒன்பதாவதுக்கு டவுன்ல பெண்கள் மேல்நிலைப் பள்ளியில சேர்த்தோம். ஜூலையிலிருந்து காலையில எழுந்ததும் வயிறு வலிக்குதுன்னு சுருண்டு படுத்துக்கறா. சில நாள் வாந்தியும் எடுக்கறா. ஸ்கேன், ரத்தம், யூரின் எல்லாம் பார்த்தாச்சு, ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. ஞாயிற்றுக்கிழமை வலியே கிடையாது. இதுவரைக்கும் 17 நாள் லீவு. வீட்டுக்காரர் ஆம்பூர்ல ஷூ கம்பெனிக்குப் போறார். நடிக்கறா, ரெண்டு போட்டா சரியாயிடும்னு சொல்லி போனையும் பிடுங்கி வெச்சுட்டார். மாமியார் திருஷ்டின்னு மந்திரிச்சுக் கயிறு கட்டினாங்க. நான் வீட்டுல பீடி சுத்தறேன். காலாண்டுப் பரீட்சை வேற வருது. அடிச்சாவது அனுப்பணுமா, இல்ல கொஞ்ச நாள் வீட்டுலயே விட்டுடறதா?”

இரண்டும் வேண்டாம் அம்மா. அடித்து அனுப்பினால் பள்ளிக்கூடத்துப் பயத்தோடு வீட்டுப் பயமும் சேர்ந்துகொள்ளும். வீட்டிலேயே விட்டால் அதைவிட மோசம். ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்றை நீங்கள் மனசார ஒத்துக்கொள்ள வேண்டும்: உங்கள் பெண்ணுக்கு வலிப்பது நிஜமான வலி.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றால் கல்லோ கட்டியோ தெரியவில்லை என்று அர்த்தம், வலியே இல்லை என்று அர்த்தம் இல்லை. பயம் வந்தால் மூளை உடம்பை ஓடுவதற்குத் தயார்ப்படுத்துகிறது. அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, ரத்தம் கை கால் தசைகளுக்குத் திரும்புகிறது, இரைப்பை தன் வேலையைப் பாதியில் நிறுத்துகிறது. குமட்டல், பிடித்து இழுக்கிற வலி, வாந்தி எல்லாம் அதிலிருந்து வருபவைதான். வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்று நம் பாட்டிமார் சும்மா சொல்லவில்லை. பஸ் போய், மணி பத்தாகி, இனிமேல் இன்றைக்குப் பள்ளி இல்லை என்று ஆனதும் மூளை ‘ஆபத்து நீங்கியது’ என்று கையை இறக்கிவிடுகிறது. வலியும் போய்விடுகிறது. பதினோரு மணிக்கு அவள் எழுந்து உட்கார்ந்து சோறு சாப்பிடுவதைப் பார்த்துத்தான் உங்கள் வீட்டுக்காரர் நடிப்பு என்கிறார். அவர் பார்த்தது சரி, எடுத்துக்கொண்ட அர்த்தம்தான் தப்பு.

வீட்டில் விடுவது ஏன் மோசம் என்பதும் இதே கணக்குதான். லீவு போட்டதும் வலி போகிறது. ‘பள்ளிக்குப் போகாமல் இருந்தால் நிம்மதி’ என்று உடம்பு பாடம் படித்துக்கொள்கிறது. அடுத்த நாள் வலி இன்னும் சீக்கிரமாக வருகிறது. கூடவே விட்டுப்போன பாடம், ‘ஏன் வரல?’ என்ற கேள்விகள், மிஸ் என்ன சொல்வாரோ என்ற கவலை. 17 நாளில் திரும்புவது கஷ்டம், 40 நாளில் அதைவிடப் பல மடங்கு கஷ்டம். அதனால் கதவை மூடிவிடாதீர்கள். அரை நாளாவது போகட்டும்.

மருத்துவ விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி, எடை குறைவது, காய்ச்சல், மலத்திலோ வாந்தியிலோ ரத்தம், வலது பக்கம் அடிவயிற்றில் மட்டும் வலி, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், மாதவிலக்கு நாட்களில் தாங்க முடியாத வலி: இவற்றில் எது இருந்தாலும் மறுபடி டாக்டரிடம் போங்கள். ரத்தசோகை இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த வயதுப் பெண்களிடம் அது நிறையவே உண்டு, சோர்வை இரட்டிப்பாக்கும்.

இனி முக்கியமானதுக்கு வருவோம். அவள் எதற்குப் பயப்படுகிறாள்? ‘பள்ளிக்கூடம்’ என்று மொத்தமாகக் கேட்டால் பதில் வராது. “ஏன் போக மாட்டேங்கற?” என்று கேட்டால் “தெரியல” என்பாள், அவளுக்கு உண்மையாகவே தெரியாது. ஒரு பள்ளி நாளைத் துண்டு துண்டாக நறுக்கிப் பாருங்கள். பஸ் ஸ்டாப். பஸ்ஸுக்குள் கூட்டம், அதில் யாராவது உரசுகிறார்களா, கிண்டல் செய்கிறார்களா. பிரேயர். முதல் பீரியட். இங்கிலீஷில் எழுந்து படிக்கச் சொல்வது. ரீசஸ், கழிவறை. மதியச் சாப்பாட்டில் யார் பக்கத்தில் உட்காருகிறாள். சாயங்காலம் திரும்பி வருவது. இந்தத் துண்டுகளில் ஏதோ ஒன்றில்தான் முள் இருக்கும்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு பெண்ணைப் பார்த்தேன், ஏறக்குறைய இதே வயிற்றுவலிதான். படிப்பா, தோழியா, வாத்தியாரா என்று மூன்று வாரம் நானும் அவள் அம்மாவும் தேடினோம். கடைசியில் தெரிந்தது, அவள் வகுப்புப் பெண்கள் போகிற கழிவறையில் தாழ்ப்பாள் உடைந்திருக்கிறது. யாராவது திறந்துவிடுவார்களோ என்று பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறாள். விலக்கு நாட்களில் அந்தப் பயம் பத்து மடங்கு. தலைமையாசிரியர் இரண்டே நாளில் தாழ்ப்பாளை மாற்றிக் கொடுத்தார். நூறு ரூபாய் வேலை. உளவியல் படித்த நான் அந்தத் தாழ்ப்பாளைக் கடைசியாகத்தான் கேட்டேன் என்பதில் எனக்கு இன்னும் கொஞ்சம் வெட்கம் உண்டு.

எப்படிப் பேசுவது? நீங்கள் பீடி சுற்றுகிறீர்கள் என்று எழுதியதைப் படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. (அந்தத் தொழிலின் கூலியை நினைத்து இல்லை.) மடியில் முறம், கை இலையில், கண்ணும் இலையில். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய வசதி தெரியுமா? முகத்துக்கு முகம் உட்காரவைத்துக் கேட்டால் விசாரணை மாதிரி இருக்கும். நீங்கள் குனிந்து நூல் கட்டிக்கொண்டிருக்கும்போது அவளாகவே பேசுவாள். அவள் கையில் முறத்தைக் கொடுத்துவிடாதீர்கள், சும்மா பக்கத்தில் இருக்கட்டும். பேச்சு இந்த மாதிரி போகலாம்:

“மத்தியானம் யார்கூடம்மா சாப்பிடற?”

“யாரும் இல்ல.”

“ம்.”

(இங்கே நிறுத்துங்கள். அடுத்த பீடியைச் சுற்றுங்கள். “ஏன், நீ போய்ப் பேச வேண்டியதுதானே?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.)

“அவங்கல்லாம் ஆறாவதுலேர்ந்து ஒண்ணா படிக்கறாங்கம்மா. நான் போனா பேச்சை நிறுத்திடறாங்க.”

“அது கஷ்டமாத்தான் கண்ணு இருக்கும்.”

அவ்வளவு போதும். தீர்வு அன்றைக்கே சொல்ல வேண்டாம். ‘அம்மாவிடம் சொன்னால் திட்டு விழாது, புத்திமதியும் விழாது’ என்று தெரிந்தால் மீதியை நாளைக்குச் சொல்வாள்.

கடிதத்தை வைத்து என் ஊகத்தைச் சொல்கிறேன். எட்டு வருஷம் ஒரே ஊர்ப் பள்ளி, ஒரே பத்துப் பிள்ளைகள். ஜூனில் அந்தக் கூட்டம் மொத்தமும் கலைந்துபோய் ஆளுக்கொரு பள்ளிக்குப் போயிருக்கும். பெரிய பள்ளியில் இவளுக்கு ஆளே இல்லை. பழைய தோழிகளோடு இருந்த ஒரே தொடர்பு அந்தப் போன். அதையும் பிடுங்கியாயிற்று. போனைத் திருப்பிக் கொடுங்கள், ஆனால் நேரம் வைத்துக் கொடுங்கள்: சாயங்காலம் ஒரு மணி நேரம், ராத்திரி ஒன்பதுக்கு மேல் அம்மாவிடம். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். தூக்கம் கெட்ட உடம்பில் காலைப் பயம் இன்னும் வேகமாக ஏறும்.

வீட்டுக்காரரிடம் இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள். அப்புறம் ஒரே ஒரு வேலை கொடுங்கள்: வார லீவு நாளில் அவர் மகளோடு கடைத்தெருவுக்கு நடந்து போய் வரட்டும், பள்ளிக்கூடப் பேச்சே எடுக்காமல். மாமியாரிடம் சண்டை வேண்டாம். கயிறு கட்டிய கையோடும் பள்ளிக்குப் போகலாம். ஆனால் “உன்மேல ஏதோ இருக்கு” என்ற வார்த்தை மட்டும் பிள்ளை காதில் விழக் கூடாது. தன் உடம்பைப் பார்த்தே பயப்பட ஆரம்பித்துவிடுவாள்.

அடுத்து வகுப்பாசிரியர். நம் ஊர்களில் பெற்றோர் பள்ளிக்குப் போனால் “கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க டீச்சர்” என்று சொல்வது ஒரு மரியாதை மாதிரி ஆகிவிட்டது. தயவுசெய்து அதைச் சொல்லாதீர்கள், பிள்ளையை வைத்துக்கொண்டு குறையும் சொல்லாதீர்கள். தனியாகப் போய் மூன்று விஷயம் கேளுங்கள். முதல் இரண்டு வாரம் மதியச் சாப்பாடு வரைக்கும் மட்டும் வரட்டுமா? வலி வந்தால் வீட்டுக்கு அனுப்பாமல் பத்து நிமிஷம் உட்கார ஒரு இடம் கிடைக்குமா? இவளைப் போல வெளியூரிலிருந்து வந்த இன்னொரு பெண்ணின் பக்கத்தில் உட்காரவைக்க முடியுமா? மூன்றாவதுதான் மருந்து என்று நினைக்கிறேன். ‘17 நாள் எங்கே போன?’ என்று எல்லார் முன்னாலும் கேட்க வேண்டாம் என்பதையும் சொல்லிவையுங்கள். பெரும்பாலான டீச்சர்கள் இதைச் செய்வார்கள், யாரும் போய்க் கேட்பதில்லை என்பதுதான் குறை.

காலையில் நீண்ட பேச்சு வேண்டாம். “வலிக்குதுன்னு தெரியுது கண்ணு. பஸ் ஸ்டாப் வரைக்கும் நானும் வரேன்.” வெறும் வயிற்றில் அனுப்பாதீர்கள், இரண்டு வாய் மோர்ச்சோறானாலும் போதும். மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக வெளியே விடச் சொல்லுங்கள், பத்துத் தடவை. மீறி ஒரு நாள் வீட்டில் இருக்க நேர்ந்தால் தண்டனையும் வேண்டாம், டிவியும் வேண்டாம். பள்ளி நேரம் முடியும்வரை புத்தகமும் சின்ன வேலைகளுமாகப் போகட்டும்.

மூன்று, நான்கு வாரம் இப்படிச் செய்தும் நகரவில்லை என்றால் ஆலோசகரைப் பாருங்கள். வேலூர் பக்கம் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் 1957 முதல் நடக்கிறது. நோயாளியோடு வீட்டாரையும் தங்கவைத்து வைத்தியம் பார்ப்பதில் முன்னோடி அது. பாகாயம் என்று சொன்னதுமே சிலர் முகம் சுருங்கும் என்று எனக்குத் தெரியும். பயத்தால் வயிறு வலிக்கிற பிள்ளைகளையும் அங்கே பார்க்கிறார்கள், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. வீட்டிலிருந்தே பேச அரசின் மனநல உதவி எண் 14416, தமிழிலேயே, இலவசம், 24 மணி நேரமும். பள்ளியில் அடி, சீண்டல் என்று ஏதாவது இருந்தால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 அல்லது குழந்தைகள் உதவி எண் 1098.

இதற்கு மட்டும் மூன்று வாரம் காத்திருக்கக் கூடாது: “நான் இல்லாமலே இருந்திருக்கலாம்” என்ற மாதிரிப் பேச்சு, கையில் கீறல், ஆசையாக வைத்திருந்த பொருளை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவது. அப்போது நேராகக் கேளுங்கள்: “செத்துப்போயிடலாம்னு தோணுதா கண்ணு?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, சொல்லாமல் வைத்திருந்தவளுக்குச் சொல்ல வழி கிடைக்கும். ஆமாம் என்றால் அவளைத் தனியாக விடாமல், மாத்திரை, பூச்சிமருந்து எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

காலாண்டுப் பரீட்சையைக் கேட்டிருந்தீர்கள். எல்லாப் பாடத்தையும் ஒரேயடியாகப் பிடிக்க வேண்டாம். விட்டால் தொடர முடியாதது கணக்கும் இங்கிலீஷும்தான், அந்த இரண்டை மட்டும் பார்க்கட்டும். நோட்டை நீங்கள் டீச்சரிடம் வாங்கித் தராதீர்கள். பக்கத்தில் உட்காரப்போகிற அந்தப் பெண்ணிடம் அவளே கேட்கட்டும். நோட்டைத் திருப்பிக் கொடுக்கவாவது மறுநாள் போக வேண்டியிருக்கும்.